காற்றைக் குறைத்த சக்கரம்

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், செவர்ன் ஆற்றுக்கும் வை ஆற்றுக்கும் நடுவே இருப்பது டீன் காடு. கருவாலி மரங்களும் பீச் மரங்களும் அடர்ந்த அந்தக் காட்டின் நடுவில் கேனப் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கிருந்துதான் காட்டுக்குள் போகும் சைக்கிள் பாதைகள் பிரிகின்றன.

விடுமுறை நாள் காலையில் அங்கே போய் நின்றால் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். கார்களின் பின்னாலிருந்து சைக்கிள்களை இறக்குகிறார்கள். வீட்டில் கல் போலக் காற்றடித்துக் கொண்டுவந்த டயரை, பழகிய ஆள் ஒருவர் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். வால்வின் மூடியைத் திருகி எடுத்துவிட்டு நடுவிலுள்ள ஊசியை நகத்தால் அழுத்துகிறார். புஸ்ஸென்று காற்று போகிறது. மறுபடி கட்டைவிரல். போதாது; இன்னும் கொஞ்சம் புஸ்.

சைக்கிள் மிதித்த எவருக்கும் இது தலைகீழாகத்தான் படும். காற்று இறங்கிய சைக்கிளை மிதித்து வீடு சேர்ந்த அனுபவம் யாருக்குத்தான் இல்லை? கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டியதுபோல வண்டி இழுக்கும், தொடை கடுக்கும். அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பால்காரர் வரை கடையில் சொல்வது ஒன்றுதான்: “நல்லா டைட்டா அடிங்கண்ணே.”

உடம்பு நோகாமல் போகக் காற்றைக் குறைக்கிறார்கள் என்றால் ஒப்புக்கொள்ளலாம். அவர்கள் சொல்வதோ அதற்கும் மேலே: காட்டுப் பாதையில் காற்றைக் குறைத்தால் வண்டி லேசாகவும் ஓடுமாம். அண்ணன் கடையில் நாம் கேட்டுப் பழகியது தப்பா, அல்லது கேனப்பில் நிற்பவர் சொல்வது தப்பா?

இரண்டுமே சரி. எப்படி என்று பார்க்க, முதலில் அந்தப் பாதையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ரயில் விட்டுப்போன பாதை

பிரிட்டனில் மலைச் சைக்கிள் பாதைகளை நிறத்தால் தரம் பிரிப்பார்கள். பச்சை என்றால் குழந்தைகளும் போகலாம். நீலம் கொஞ்சம் பழகியவர்களுக்கு. சிவப்பும் கறுப்பும் கை கால் முறிவதற்குத் தயாரானவர்களுக்கு என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ரொம்ப மிகையில்லை. ‘மலைச் சைக்கிள்’ என்றதும் பாறையிலிருந்து குதிக்கும் விளம்பரப் படங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சைக்கிள்களில் பெரும்பங்கு தம் ஆயுளைக் கழிப்பது ஆற்றங்கரையிலும் சோலைகளுக்கு உள்ளேயும் ஓடும் சாதுவான தடங்களில்தான்.

கேனப்பிலிருந்து காட்டைச் சுற்றிவரும் குடும்பப் பாதை அப்படிப்பட்டது. சுற்றிவர ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி பழைய ரயில் தடம். டீன் காட்டில் நிலக்கரி கிடைத்தது. அந்த வட்டாரத்தில் பிறந்து, 21 வயது கடந்து, ஓர் ஆண்டும் ஒரு நாளும் சுரங்கத்தில் உழைத்தவருக்குத் தனக்கென்று சுரங்கம் தோண்டும் உரிமை உண்டு என்ற பழைய வழக்கம் இன்றும் அங்கே செல்லுபடியாகிறது. கரியை வெளியே கொண்டுபோகத்தான் காட்டுக்குள் ரயில் வந்தது. கடைசிப் பெரிய சுரங்கம் 1965இல் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகு எஞ்சியது ஒரு நீண்ட, மட்டமான மேடை.

மட்டமாக ஏன் இருக்கிறது? இரும்புச் சக்கரத்துக்கு ஒரு பலம், ஒரு பலவீனம். தண்டவாளத்தின்மேல் அது உருண்டோடுவதற்குத் தேவைப்படும் இழுவை மிகமிகக் குறைவு, இதுதான் பலம். பிடிமானமும் மிகக் குறைவு, இது பலவீனம். ஏற்றம் சற்று அதிகமானாலும் சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி ரயிலுக்குத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் போட்டிருப்பது இதனால்தான். பல் இல்லாத சாதாரண ரயிலுக்கோ, அறுபது எழுபது அடி போனால் ஓரடி உயரலாம் என்ற கணக்கில் குன்றை வெட்டி, பள்ளத்தை நிரப்பித் தடம் போடுவார்கள். கரிச் சுரங்கத்துக்குப் பிரியும் கிளைகளில் ஏற்றம் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். இன்று ஏழு வயதுக் குழந்தை மூச்சு வாங்காமல் அந்தக் காட்டைச் சுற்றி வருகிறதென்றால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இரும்பு வழுக்கியதுதான் காரணம்.

ஒரு சக்கரம் உருளும்போது அதைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும் விசையை உருள்தடை என்போம். அதை அளக்க எளிதான வழி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். வண்டியின் முன்னால் ஒரு கயிற்றைக் கட்டி, கிணற்றுக் கப்பி ஒன்றின் வழியாகக் கீழே தொங்கவிடுங்கள். கயிற்று முனையில் எத்தனை கிராம் எடை கட்டினால் வண்டி நிற்காமல் ஒரே சீராக நகருமோ, அதுதான் உருள்தடை.

ஆளும் வண்டியுமாகச் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் என்றால் கயிற்றில் 160 கிராம் கட்டினாலே போதும். ஒரு கொய்யாப்பழ எடை. நல்ல தார்ச்சாலையில் சைக்கிள் டயருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ வேண்டும். சரளை போட்ட காட்டுப் பாதையில் ஒரு கிலோ. கால் புதையும் சேற்றில் நான்கு கிலோவும் ஆகும், அதைத் தாண்டியும் போகும்.

காற்றின் தடையையும் இதே கயிற்றில் நிறுத்துப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டரில் பறக்கும் பந்தயக்காரரை எதிர்காற்று இரண்டு கிலோ அளவுக்குப் பின்னிழுக்கும். அவர் குனிந்து ஓட்டுவதும் உடலோடு ஒட்டிய உடை அணிவதும் அதனால்தான். ஆற்றங்கரையை வேடிக்கை பார்த்தபடி 12 கிலோமீட்டரில் போகிறவரைக் காற்று இழுப்பதோ முன்னூறு கிராம் சொச்சம். ஆக, சாதுவான பாதையில் மெதுவாகப் போகிறவரின் உண்மையான எதிரி காலுக்குக் கீழேதான் இருக்கிறது.

முற்றத்தில் உருண்ட இரண்டு சக்கரங்கள்

இரும்புச் சக்கரம் அவ்வளவு லேசாக ஓடுமென்றால் சைக்கிளுக்கும் அதையே மாட்டிவிடலாமே? மாட்டித்தான் பார்த்தார்கள். 1860களின் சைக்கிள்களுக்கு மரச் சக்கரத்தில் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் ஓட்டியவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘எலும்பு குலுக்கி’.

1887இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிளைப் பார்த்துக் கவலைப்பட்டார். ஒரு மரத்தட்டின் விளிம்பில் ரப்பர்க் குழாயைச் சுற்றி, துணி வைத்துக் கட்டி, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் நிரப்பினார். பிறகு அவர் செய்த சோதனைதான் இந்த அத்தியாயத்தின் கரு. சைக்கிளின் பழைய சக்கரத்தைக் கழற்றி முற்றத்தில் உருட்டிவிட்டார். கொஞ்ச தூரம் போய் அது விழுந்தது. காற்றுச் சக்கரத்தை உருட்டினார். அது முற்றத்தின் மறுகோடிவரை ஓடி, வாசல் கம்பத்தில் மோதித் திரும்பியது.

மெத்தென்ற சக்கரம் சொகுசாக இருக்கும் என்று யாரும் ஊகித்திருப்பார்கள். ஆனால் அந்த முற்றத்தில் உருண்ட சக்கரத்தின்மேல் யாரும் உட்கார்ந்திருக்கவில்லையே! சொகுசு வேறு, ஓட்டம் வேறு. அன்று கூடியது ஓட்டம். 1888இல் டன்லப் காப்புரிமை பெற்றார். 1889இல் வில்லி ஹ்யூம் என்ற வீரர் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களுக்குக் காற்று டயரோடு வந்தபோது பருத்த சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவர் ஜெயித்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

உண்மையில் டன்லப் முதல்வர் இல்லை. அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இது வெளியே தெரிந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போயிற்று. தாம்சனின் தொழில் என்ன தெரியுமா? ரயில்பாதைப் பொறியாளர். இரும்புக்காக நாட்டையே மட்டம் தட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர், தரையை மட்டம் தட்டுவதற்குப் பதில் சக்கரத்தை மென்மையாக்கினால் என்ன என்று யோசித்திருக்கிறார். அந்த நாளில் சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. குதிரை வண்டிக்கு அது கட்டுப்படியாகவில்லை; மறந்துபோனார்கள்.

அவர் பின்னாளில் கெட்டி ரப்பர் சக்கரம் பூட்டிய நீராவி வண்டிகளைச் செய்தார். அவற்றில் சிலவற்றை 1870களில் பஞ்சாபுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தவர் குரோம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி. நம் வீட்டு மின்விசிறிகளில் இருக்கும் குரோம்ப்டன் அவர்தான். அது வேறு கதை.

நெளிவும் குலுக்கலும்

டயர் உருளும்போது சக்தி இரண்டு வழிகளில் வீணாகிறது. இரண்டுக்கும் தமிழில் பெயர் வைத்துக்கொள்வோம்.

முதலாவது நெளிவிழப்பு. ஆளின் எடையால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகிறது. சக்கரம் சுழலச் சுழல ரப்பரின் ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வரும்போது மடங்கி, மேலே போகும்போது நிமிர்கிறது. மடக்கக் கொடுத்த சக்தியை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ரப்பர்ப் பந்தை இடுப்புயரத்திலிருந்து கீழே விட்டால் அது இடுப்புவரை எழும்பி வராதல்லவா? அதே கஞ்சத்தனம்தான் இங்கேயும். வராத பாக்கி சூடாகிப் போகிறது. காற்று குறையக் குறைய ரப்பர் அதிகமாக மடங்கும், நெளிவிழப்பும் ஏறும். தெருமுனைக் கடையில் நாம் கேட்கும் ‘டைட்’ இந்த இழப்புக்கான மருந்து. வழவழப்பான தளத்தில் ஓடும் பந்தய சைக்கிளுக்கு விறைப்பாகக் காற்றடிப்பதும் இதற்காகவே.

இரண்டாவது குலுக்கல் இழப்பு. இது டயருக்குள் நடப்பதில்லை. ஓட்டுகிறவரின் உடம்புக்குள் நடக்கிறது. விறைத்த சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கப்படுகிறார்கள். கல்லைக் கடந்ததும் தொப்பென்று விழுகிறார்கள். தூக்கிய சக்தி விழும்போது திரும்பக் கிடைக்குமென்றால் நஷ்டமில்லை. ஆனால் மனித உடம்பு சுருள்வில் இல்லை. தண்ணீர் நிரப்பிய தோல்பையைக் குலுக்குவதுபோலத்தான்: தசையும் கொழுப்பும் குடலும் ஒன்றோடொன்று உரசி அந்தச் சக்தியை விழுங்கிச் சூடாக்கிவிடுகின்றன. வண்டியை முன்னே தள்ள வேண்டிய சக்தி வயிற்றைக் கலக்கப் போய்விடுகிறது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை முதலில் அக்கறையாக அளந்தவர்கள் சைக்கிள்காரர்கள் அல்லர், ராணுவத்தினர். 1960களில் அமெரிக்க ராணுவத்தின் டாங்கிப் பிரிவு, கரடுமுரடான நிலத்தில் ஓட்டுநரின் உடல் எத்தனை வாட் குலுக்கலை உறிஞ்சுகிறது என்று ஆராய்ந்தது. நெடுநேரம் தாங்கக்கூடிய எல்லை என்று அதிலிருந்து வந்த அளவு 6 வாட். கேட்பதற்குச் சிறிதாக இருக்கும். ஆனால் சரளைப் பாதையில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டுகிறவர் உருள்தடையை வெல்லச் செலவிடுவதே முப்பது சொச்சம் வாட்தான்.

வழவழப்பான தளத்தில் குலுக்கல் இல்லை, நெளிவிழப்பு மட்டும். ஆகவே விறைப்பு நல்லது. கரடான தரையில் குலுக்கல் தலைதூக்குகிறது. அதை அடக்கக் கொஞ்சம் நெளிவைச் சகித்துக்கொள்வது லாபம். எவ்வளவு லாபம்?

ஒரு வேர், ஒரு கணக்கு

கேனப்பின் குடும்பப் பாதையை விட்டு விலகிச் சோலைக்குள் நுழையும் ஒற்றையடிப் பாதை ஒன்றைக் கற்பனை செய்வோம். மரங்களின் வேர்களில் பெரும்பாலானவை ஆழமாக இறங்குவதில்லை. காற்றும் ஈரமும் கிடைக்கும் மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் பரவுகின்றன. நடப்பவர் காலும் மழையும் மண்ணை அரித்ததும் அவை பாதைக்குக் குறுக்கே புடைத்து நிற்கும். நம் பாதையில் இரண்டு மீட்டருக்கு ஒரு வேர், ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் உயரம். அதாவது இரண்டு விரல் பருமனுக்குக் கொஞ்சம் குறைவு. ஆளும் வண்டியும் அதே 80 கிலோ.

முதலில் கல் போல் காற்றடித்த டயர். வேரில் முன்சக்கரம் ஏறும்போது எடையில் பாதி மூன்று சென்டிமீட்டர் உயர்கிறது. பின்சக்கரம் ஏறும்போது மறுபாதி. மொத்தத்தில் ஒவ்வொரு வேருக்கும் 80 கிலோவை மூன்று சென்டிமீட்டர் தூக்கிய வேலை. அந்த வேலையை இரண்டு மீட்டர் தூரத்துக்குப் பரப்பினால் கப்பிக் கயிற்றில் 1.2 கிலோ கூடுதலாகத் தொங்கவிட்டதற்குச் சமம். விழும்போது பாதி சக்தி திரும்பக் கிடைத்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் 600 கிராம் நிகர நஷ்டம்.

இப்போது கொஞ்சம் காற்றை இறக்கிய, பருத்த டயர். இரண்டேகால் அங்குல அகலமுள்ள டயர் அது. வேர் மூன்று சென்டிமீட்டர் புடைத்திருந்தாலும், டயர் அந்த இடத்தில் மட்டும் உள்வாங்கி வேரைத் தன் வயிற்றுக்குள் இரண்டு சென்டிமீட்டர் விழுங்கிக்கொள்கிறது. சக்கரத்தின் அச்சு உயர்வது ஒரே ஒரு சென்டிமீட்டர். கணக்கு அதேதான்: 400 கிராம், அதில் பாதி திரும்பினால் நஷ்டம் 200. விழுங்கிய இடத்தில் அழுந்திய காற்று வேரைத் தாண்டும்போது திரும்பத் தள்ளுகிறது. காற்று கிட்டத்தட்ட நாணயமான சுருள்வில். ரப்பரைப் போல் கஞ்சத்தனம் செய்யாது.

மென்மையான டயரில் நெளிவு கூடியதற்கு 150 கிராம் சேர்த்துக்கொள்வோம். விறைத்த டயருக்கு 600; மெத்தென்றதற்கு 200உம் 150உம் சேர்ந்து 350. லாபம் 250 கிராம். தார்ச்சாலையின் மொத்த உருள்தடையில் இது பாதி! இந்த எண்கள் ஒரு கற்பனைப் பாதைக்கானவை. வேர் சின்னதானால் லாபம் குறையும். வேரே இல்லாவிட்டால் 150 கிராம் சுத்த நஷ்டம். கடைக்கார அண்ணன் தார்ச்சாலையில் நிற்கிறார், கேனப் ஆசாமி வேர்களின் நடுவே நிற்கிறார். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு விடை.

பெரிய சக்கரம் வேர்களை இன்னும் எளிதாகக் கடக்கும் என்பது கடைகளில் கேட்கும் இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால் 26 அங்குலத்திலிருந்து 29 அங்குலத்துக்கு மாறினால் தடையில் ஏறும் கோணம் ஒன்றிரண்டு பாகையளவே குறைகிறது. டயருக்குள் இருக்கும் காற்றைச் சரிசெய்வதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஏடிஎம் அட்டையில் பாதி

கடினமான வேரைப் பார்த்தோம். இளகிய மண்ணில் நடப்பது இன்னும் சுவையானது.

டயருக்குள் எவ்வளவு அழுத்தமோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தோடுதான் டயர் தரையை அமுக்கும். காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அளப்பார்கள். பம்பின் முள்ளுக்குப் பக்கத்தில் பிஎஸ்ஐ என்று எழுதியிருப்பது அதுதான். பின்சக்கரம் தாங்குவது 45 கிலோ என்று கொண்டால், 60 பிஎஸ்ஐ அடித்த டயர் தரையைத் தொடும் பரப்பு 11 சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஓர் ஏடிஎம் அட்டையில் கால் பங்குகூட இல்லை. 25 பிஎஸ்ஐக்கு இறக்கினால் பரப்பு 26 சதுர சென்டிமீட்டராகிறது. அட்டையில் பாதிக்குச் சற்று மேல்.

மழை பெய்த காட்டு மண் 60 பிஎஸ்ஐயைத் தாங்காமல் உள்ளே போகும். புதைந்த சக்கரத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு சின்ன மேடு நிற்கும். ஓட்டுகிறவர் கண்ணுக்குப் பாதை மட்டம். சக்கரத்துக்கோ முடிவில்லாத ஏற்றம். தான் தோண்டிய பள்ளத்திலிருந்து தானே ஏறிக்கொண்டிருக்கும். குதிகால் செருப்போடு கடற்கரை மணலில் நடப்பவர் படும் பாடு. அகலமான டயரும் குறைந்த காற்றும் மண்ணின்மேல் மிதக்க வைக்கின்றன. பனியிலும் மணலிலும் ஓடுவதற்கென்றே நான்கு அங்குல அகல டயர் போட்ட சைக்கிள்கள் இருக்கின்றன. அவற்றில் 10 பிஎஸ்ஐக்கும் கீழே இறக்கி ஓட்டுகிறார்கள்.

இதில் பாதைக்கும் ஒரு நன்மை: மிதக்கும் டயர் அதை ஆழமாகக் கீறுவதில்லை. ஆழமாகக் கீறிய தடத்தில் மழைநீர் வாய்க்காலாக ஓடி மண்ணை அரித்துவிடும்.

செய்தித்தாள் போட்ட சைக்கிள்

இதெல்லாம் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. அமெரிக்காவில் பொருளாதார மந்தம் வாட்டிய 1933இல், ஸ்விண் நிறுவனம் 2.125 அங்குல அகலமுள்ள ‘பலூன்’ டயரைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கினாலும் ரிம் வளையாது என்பதால் வீடு வீடாகச் செய்தித்தாள் போடும் பையன்களுக்கு அது தோதாக இருந்தது. பின்னர் கியர் வைத்த, ஒல்லியான சைக்கிள்கள் வந்ததும் பலூன் டயர் வண்டிகள் பழைய சாமான்களோடு போய்ச் சேர்ந்தன.

1970களில் கலிஃபோர்னியாவின் மாரின் வட்டாரத்து இளைஞர்கள் சிலர் அந்த ஓட்டை வண்டிகளைச் சல்லிக்காசுக்கு வாங்கி, மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய், மண் சாலையில் உருட்டி இறங்கினார்கள். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழங்கால பிரேக்கு அந்த வண்டிகளில். ஒரு முறை இறங்கினாலே அதற்குள்ளிருக்கும் கிரீஸ் காய்ந்து புகைந்துவிடும். திரும்ப நிரப்ப வேண்டும். பெயர் அதிலிருந்து வந்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது மலைச் சைக்கிள் கடைச்சரக்காயிற்று. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பந்தயமாகவும் நுழைந்தது. பிரேக், கியர், சட்டம், ஷாக் அப்சர்பர் எல்லாம் இதற்குள் மாறிவிட்டன. செய்தித்தாள் பையனிடமிருந்து வந்த பருத்த டயர் மட்டும் மாறவில்லை.

பாம்புக்கடி

அப்படியென்றால் காற்றை இன்னும் இறக்கிக்கொண்டே போகலாமா? போகலாம், பாம்பு கடிக்கும்வரை.

காற்று மிகக் குறைந்த டயர் வேரில் மோதினால், விழுங்கி விழுங்கி ரிம்மின் விளிம்புவரை போய்விடும். வேருக்கும் உலோக விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் டியூபில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டைகள், நல்லபாம்பு கொத்தியதுபோல. சைக்கிள்காரர்களிடையே அதற்குப் பெயரே பாம்புக்கடிதான். இப்போது பலரும் டியூபை எடுத்துவிட்டு, டயரையே ரிம்மில் காற்றுப்புகாமல் பொருத்தி, உள்ளே கொஞ்சம் ரப்பர்ப்பாலை ஊற்றிவிடுகிறார்கள். முள் குத்தினால் பால் ஓட்டைக்கு ஓடிவந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். கடிபட டியூப் இல்லாததால் காற்றை இன்னும் சில பவுண்டு இறக்க முடிகிறது.

வளைவும் ஓர் எல்லை போடுகிறது. காற்று போதாத டயர் திரும்பும்போது பக்கவாட்டில் சரியும். ரிம் ஒரு பக்கம் போக, டயர் மறுபக்கம் போகும். பின்சக்கரம் அதிக எடை தாங்குவதால் அதில் முன்சக்கரத்தைவிட ஓரிரு பவுண்டு கூட வைப்பது வழக்கம்.

மெத்தென்ற டயரும் கைவிடும் ஓர் இடம் உண்டு. பட்டை உரிந்து வழவழத்த வேர் மழையில் நனைந்திருக்க, பாதைக்குக் குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கிடந்தால் சக்கரம் அதன்மேல் ஏறாது. அதன் போக்கிலேயே சறுக்கும். டயரின் பற்கள் மண்ணில்தான் பதியும், நனைந்த மரத்தில் பதியாது. ஹேண்டில்பாரைத் திருப்பி வேரை நேர்க்கோணத்தில் சந்திப்பதும், ஏறும் கணத்தில் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிடுவதும்தான் வழி.

டீன் காட்டின் மேற்கு விளிம்பில் சைமண்ட்ஸ் யாட் என்ற பாறை முகட்டின் கீழே வை ஆறு வளைகிறது. அங்கிருந்து மன்மத் ஊர்வரை ஆற்றை ஒட்டியே போகிறது இன்னொரு பழைய ரயில் தடம். 1959இல் பயணிகள் ரயில் நின்றுபோன அந்தத் தடத்துக்கு இப்போது, பாறையில் கூடுகட்டும் பொரி வல்லூறின் பெயரில், பெரிக்ரின் பாதை என்று பெயர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சோலை. கிட்டத்தட்ட ஏற்றமே இல்லை. வேர்ப் பாதையில் ஓடிவிட்டு இங்கே இறங்கி வருகிறவர், மன்மத்தில் தார்ச்சாலை தொட்டதும் டயரின் பற்கள் உம்மென்று முனகத் தொடங்குவதைக் கேட்பார். கால் கனக்கும். காட்டில் லாபம் தந்த 25 பிஎஸ்ஐ இங்கே நஷ்டக் கணக்கு.

அவர் ஓரமாக நிறுத்திப் பையிலிருந்து கைப் பம்பை எடுக்கிறார். ஐம்பது, அறுபது அடி. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு இன்னும் இருபது. கழற்றும்போது பம்பின் அடிமுனை கையைச் சுடுகிறது. பம்பின் உட்சுவரில் பிஸ்டன் உரசிய சூடா அது, அல்லது உள்ளே அமுங்கிய காற்றின் சூடா? அதை அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.